புகழ்பெற்ற கோல்ஃப் மைதானத்தில் ஒரு நாள் ஆட எவ்வளவு ஆகும்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தேவிகுளம் பக்கம் லயத்து வீட்டில் பிறந்தவன் நான். அப்பா மலையில் ஒரு கிளப்பில் துரைமார்களுக்கு பேக் சுமந்தவர். நான் வளைகுடாவில் ஒரு கோல்ஃப் கிளப்பின் புக்கிங் மேஜையில் 14 வருஷம் உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பினேன். 2024 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உள்ள ஓல்ட் கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தில் ஆடினேன் என்று சொன்னதிலிருந்து ஆளாளுக்குக் கேட்கிறீர்கள், அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். பவுண்டுக்கு 115 ரூபாய், டாலருக்கு 85 ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பூப்பாறையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, அது பணக்காரர்கள் கிளப்தானே? நம்மையெல்லாம் உள்ளே விடுவார்களா?

விடுவார்கள் தம்பி. ஓல்ட் கோர்ஸ் பொது நிலம், ஒரு டிரஸ்ட் அதை நடத்துகிறது. முதல் ஹோலுக்கு (பந்தைக் குழியில் சேர்க்க வேண்டிய 18 பகுதிகளில் முதலாவது) பின்னால் படங்களில் தெரியும் கல் கட்டடம்தான் கிளப், மைதானம் அவர்களுடையது இல்லை. சீசனில் கிரீன் ஃபீ (ஒரு முறை ஆடுவதற்கான கட்டணம்) நான் ஆடிய 2024-இல் 320 பவுண்டு, அதாவது 36,800 ரூபாய். 2025-இல் 340 ஆக்கிவிட்டார்கள். பணம் இருந்தால் மட்டும் போதாது, நீ எவ்வளவு நன்றாக ஆடுவாய் என்று சொல்லும் ஹேண்டிகேப் சான்றும் காட்ட வேண்டும், அதை இங்கே ஒரு கிளப் வழியாக முன்னாடியே வாங்கி வைத்துக்கொள். அப்புறம், ஆட இடம் கிடைக்கக் குலுக்கல். இரண்டு பேருக்குக் குறையாமல் சேர்ந்தால் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மதியம் 2 மணிக்குள் பெயர் கொடுக்கலாம். தனி ஆளாகப் போனால் முந்தின நாள் நேரில் போய்ப் பதிய வேண்டும். முன்பெல்லாம் தனி ஆட்கள் விடிய விடியக் குளிரில் வரிசையில் நிற்பார்கள், 2024-இல்தான் அதை மாற்றினார்கள்.

நான் தனியாகத்தான் போனேன். இரண்டு நாள் பெயர் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ்ஸில் இருக்கும்போது செய்தி வந்தது, இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

வாளையாரிலிருந்து: கேடி (பேக் சுமந்து கூட வருபவர்) கட்டாயமா? எவ்வளவு?

கட்டாயம் இல்லை. நான் ஆடியபோது கேடிக்கு 60, 70 பவுண்டு, அதற்கு மேல் டிப்ஸ், இரண்டையும் ரொக்கமாகக் கையில் கொடுக்க வேண்டும். வேறு எங்கே மிச்சம் பிடித்தாலும் இங்கே பிடிக்காதீர்கள். 17-ஆம் ஹோலில் பந்து போக வேண்டிய இடம் நமக்குக் கண்ணுக்கே தெரியாது. எதிரே ஹோட்டலின் சுவர், அதில் பெரிதாக எழுத்துகள். காற்றைப் பார்த்துவிட்டு இன்ன எழுத்துக்கு மேலே அடி என்று கேடி சொல்வார், நம்பி அடிக்க வேண்டியதுதான். அங்கே பெரும்பாலும் ஒரே கிரீனில் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) இரண்டு கொடி இருக்கும், 5-க்கும் 13-க்கும் ஒன்று, 7-க்கும் 11-க்கும் ஒன்று, எதைக் கூட்டினாலும் 18 வரும். இதை என் கேடி சொல்ல ஆரம்பித்தபோது நான் முடித்து வைத்தேன், ஏனென்றால் எனக்குப் பத்து வயதிருக்கும்போதே அப்பா சொல்லியிருக்கிறார், ஒரு துரை சொல்லி அவர் கேட்டது. அப்பாவும் கேடிதான் என்று சொன்னேன். அந்த மனிதர் பேக்கைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: ஏஜென்ட் ஒருவர் டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) உறுதி என்கிறார், மூன்று லட்சம் கேட்கிறார், நம்பலாமா?

உறுதியான நேரத்தோடு வரும் பேக்கேஜ் உண்மையிலேயே உண்டு, ஆனால் டிரஸ்ட்டின் அனுமதி பெற்றவர்கள் மட்டும்தான் விற்க முடியும், விலையும் கூடுதல். தேதியும் நேரமும் எழுத்தில் கையில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். 2019-இல் நான் ஒருவரிடம் அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்தேன். கடைசியில் தெரிந்தது, நானே செலவில்லாமல் கொடுத்திருக்கக்கூடிய அதே குலுக்கலில்தான் அவரும் என் பெயரைக் கொடுப்பதாக இருந்தார். அந்தப் பயணமே நின்றுபோனது.

தொடுபுழாவிலிருந்து ஓர் அக்கா: வீட்டுக்காரருக்கு கோல்ஃப் பைத்தியம், எனக்கு ஒன்றும் தெரியாது. நான் போய் என்ன செய்வேன்?

அக்கா, ஞாயிற்றுக்கிழமை சேர்கிற மாதிரி கிளம்புங்கள். பெரிய போட்டிகள் நடக்கும் நாட்களைத் தவிர ஞாயிறு ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயோடும் குழந்தைகளோடும் புல்லில் நடப்பார்கள். 18-ஆம் ஹோலில் உள்ள அந்தச் சின்னக் கல்பாலத்தில் நின்று நீங்களும் படம் எடுக்கலாம், ஒரு பைசா ஆகாது. பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்று மேடும் பள்ளமுமான ஒரு புட்டிங் பசுந்தரை (பந்தை மெல்ல உருட்டி ஆடும் இடம்), 1867-இல் பெண்களுக்காகத் தொடங்கியது. சில பவுண்டுதான். குச்சி பிடிக்கத் தெரியாதவர்களும் ஆடலாம். கட்டாயம் ஆடுங்கள்.

செங்கோட்டையிலிருந்து: மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். பெபிள் பீச் ஆசை உண்டு. எவ்வளவு சேர்க்க வேண்டும்?

ஐயா, பெபிள் பீச் மைதானம் கலிபோர்னியாவில், மகள் வீட்டிலிருந்து நாட்டின் மறுகோடி. யாரும் ஆடலாம் என்பது உண்மைதான், ஆனால் கிரீன் ஃபீ மட்டும் 700 டாலரை ஒட்டி வந்துவிட்டது, நம் காசில் 60,000 ரூபாய். முன்கூட்டி நேரம் வேண்டுமென்றால் அவர்கள் ரிசார்ட்டில் குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும், அறை ஓர் இரவுக்கு ஆயிரம் டாலரை ஒட்டி. தங்காதவர்கள் முந்தின நாள் கூப்பிட்டுக் கேட்கலாம், இடம் இருந்தால் கிடைக்கும். எனக்குக் கேட்டால், பக்கத்து ஊரான பசிபிக் குரோவில் நகராட்சி மைதானம் ஒன்று இருக்கிறது, அதன் பின் ஒன்பது ஹோலை வடிவமைத்தவர் ஜாக் நெவில், பெபிள் பீச்சை வடிவமைத்த இருவரில் ஒருவர். அதே கடல், அதே காற்று, கட்டணம் எத்தனையோ மடங்கு குறைவு.

மகள் வீட்டுப் பக்கமே வேண்டுமென்றால் நியூயார்க்கில் பெத்பேஜ் பிளாக். மாநில அரசின் பூங்கா அது, அங்கே 2002, 2009 இரண்டு முறை யூ.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டி நடந்தது, 2025-இல் ரைடர் கோப்பையும் நடந்தது. 2019-இல் வார நாளில் அந்த மாநிலத்தவருக்கு 65 டாலர், வெளியாருக்கு 130. அதற்குப் பிறகு ஏறியிருக்கிறது, வெளியாருக்குக் கூடுதல் என்பது மட்டும் மாறவில்லை. நியூ ஜெர்சியும் வெளி மாநிலம்தான் என்பதால் மகளுக்கும் வெளியார் விலைதான். கார்ட் வண்டி கிடையாது, முழுக்க நடக்க வேண்டும். நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் மட்டும் வாருங்கள் என்று முதல் ஹோல் தொடங்கும் இடத்திலேயே எச்சரிக்கைப் பலகை இருக்கும். முட்டி வலி இருந்தால் இது வேண்டாம் ஐயா. பொது மைதானங்களில் பெரும்பாலும் இதே கதைதான், வரி கட்டுகிற ஊர்க்காரருக்கு ஒரு விலை, விருந்தாளிக்கு வேறு விலை. அது நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது.

மறையூரிலிருந்து: அத்தனை தூரம் வேண்டாம், இந்தியாவில் பொது மைதானம் உண்டா?

உண்டு. டெல்லி குதுப் கோல்ஃப் மைதானம், டெல்லி வளர்ச்சி ஆணையத்துடையது, நாட்டின் முதல் பொது மைதானம். நம் பக்கம் கோவை செட்டிபாளையத்தில் 18 ஹோல் இருக்கிறது, ஆனால் அது கிளப், போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கம்பத்திலிருந்து: ஸ்காட்லாந்தில் செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள் அண்ணா.

தங்குவது பக்கத்து நகரமான டண்டியில். செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயிலே கிடையாது, லூக்கர்ஸ் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும், டண்டியிலிருந்து நேராகவும் பஸ் இருக்கிறது. நாலு நாளாவது கையில் வையுங்கள், குலுக்கலில் விழாத நாளில் பக்கத்திலேயே உள்ள நியூ கோர்ஸில் ஆடலாம், பெயர்தான் புதுசு, 1895-இல் ஓல்ட் டாம் மோரிஸ் என்ற அந்தக் கால ஆட்டக்காரர் போட்டது, கட்டணம் பாதி அளவுதான். குளிர்காலத்தில் ஓல்ட் கோர்ஸே மலிவு, ஆனால் பெரும்பாலும் ஒரு சின்னப் பாயைக் கையோடு எடுத்துப் போய் நடுப் புல்வெளியில் ஒவ்வொரு அடிக்கும் அதன் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்வார்கள். அதற்காகவா அவ்வளவு தூரம் போவது? ஜூனில் போங்கள், ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம். ஸ்வெட்டரை மட்டும் மறக்காதீர்கள், கம்பத்து ஜூனை நினைத்துக்கொண்டு போனால் முதல் ஹோலிலேயே கை விறைத்துவிடும்.