மருத்துவர் பதில்கள்: தைராய்டு சோதனையில் டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறினால் மாத்திரை வேண்டுமா?

கேள்வி: எனக்கு 42 வயது. போன மாதம் டெங்கு வந்து தேறினேன். அசதி விடவில்லை, எடையும் ஏறுகிறது. டி.எஸ்.எச். 6.8, ஃப்ரீ டி4 நார்மல். ஆயுசுக்கும் மாத்திரை போடணும் என்கிறார்கள். போடலாமா டாக்டர்?
— வாசகி, யாங்கோன்

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பி ஆயுசு மாத்திரையைத் தொடங்கவே கூடாது. தைராய்டை வேலை வாங்க, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்தான் டி.எஸ்.எச்.; தைராய்டு தளர்ந்தால் இது ஏறும். தைராய்டே சுரக்கும் ஹார்மோனின் அளவுதான் ஃப்ரீ டி4. பெருங்காய்ச்சலிலிருந்து உடம்பு தேறும் வாரங்களில் டி.எஸ்.எச். ஏறிவிட்டுத் தானாகவே இறங்குவதுண்டு. உங்கள் 6.8 அப்படிப்பட்டதாக இருக்கலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே லேபில், அதே நேரத்தில் மறுபடி எடுங்கள். விடியற்காலையில் இந்த எண் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். நேரம் மாறினால் ஒப்பிட முடியாது. முடி உதிர்வுக்கு பயோட்டின் வைட்டமின் சாப்பிட்டால் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், சில இயந்திரங்களில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்துக் காட்டும். ஃப்ரீ டி4, ஆன்டி டி.பி.ஓ. (தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் ஆன்டிபாடிக்கான சோதனை) இரண்டையும் சேர்த்தே எழுதி வாங்குங்கள்.

மறுமுறையும் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் பொதுவாக மாத்திரை தொடங்குவோம். அதற்குக் கீழே நின்றால் ஆன்டிபாடியைப் பார்க்க வேண்டும். அதுவும் இருந்தால், ஆண்டுக்கு நூற்றுக்கு நாலு பேர் அளவில் முழுமையான தைராய்டு குறைவுக்குப் போகிறார்கள்; ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மறுபரிசோதனை தேவை. 7-க்குக் கீழே, ஆன்டிபாடியும் இல்லாதவர்களில் பலருக்குத் தானே சரியாகிவிடுகிறது.

அசதிக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), சர்க்கரை பாருங்கள். டெங்குவுக்குப் பிறகு வாரக்கணக்கில் அசதி இருப்பது சகஜம். எடை ஏறுவதை இந்த அளவு தைராய்டு தளர்ச்சியின் தலையில் போட முடியாது. அறிகுறி நீடித்து, எண்ணும் இரண்டு முறை உயர்ந்தே இருந்தால், 25 முதல் 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரையை ஆறு மாதம் சோதித்துப் பார்க்கலாம். எண் சரியாகியும் அசதி குறையவில்லையா? டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

அயோடின் உப்பு போதும். 'தைராய்டுக்கு நல்லது' என்று விற்கும் கடற்பாசி மாத்திரை வேண்டாம். ஆன்டிபாடி உள்ளவர்களுக்குக் கூடுதல் அயோடினே சுரப்பியை அமுக்கிவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. டி.எஸ்.எச். 7.5. மருந்து தரலாமா?
— வாசகர், மோல்மேன்

பதில்: தர வேண்டாம். வயது ஏற ஏற டி.எஸ்.எச். இயல்பாகவே கொஞ்சம் கூடும். 65 வயதைத் தாண்டிய 737 பேரிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வு 2017-ல் வெளியானது. ஓராண்டு மருந்து எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் அசதியில் வித்தியாசமே இல்லை. அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். முதியவர்களுக்கு இரண்டுமே பெரிய ஆபத்து. ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். திரும்பத் திரும்ப 10-ஐத் தாண்டினால் பேசலாம். அப்போதும் 25 மைக்ரோகிராம் அல்லது அதிலும் பாதியில்தான் தொடக்கம்.

கேள்வி: மகள் குழந்தைக்கு முயல்கிறாள். டி.எஸ்.எச். 5.4, ஆன்டிபாடியும் உண்டு. டாக்டர் 50 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்திருக்கிறார். காலையில் பால் டீயோடு போட்டுக்கொள்கிறாள். சரியா?
— வாசகி, பெகு

பதில்: மருந்து சரி, போடும் விதம் தவறு. முதல் மூன்று மாதம் சிசு தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருப்பதால், கருத்தரிக்க முயல்பவர்களுக்கு மட்டும் நாங்கள் முன்னதாகவே மாத்திரை தருகிறோம். டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே இருக்கட்டும்.

எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போடச் சொல்லுங்கள். டீயும் மொகிங்கா மீன் நூடுல்ஸும் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து. பாலோடும் டீயோடும் விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் முடியாவிட்டால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம்.

கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டரைக் கேளுங்கள். வழக்கமாக வாரத்துக்கு ஏழு மாத்திரையை ஒன்பதாக்கி, கர்ப்பகாலம் பாதியைத் தாண்டும்வரை நாலு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்ப்போம். மாத்திரைப் பட்டையை அடுப்பங்கரையில் வைக்காதீர்கள், வெப்பமும் ஈரமும் மருந்தைக் கெடுக்கும். கடையில் வேறு கம்பெனிப் பட்டை கொடுத்தால், அதில் 50 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்தே வாங்குங்கள். கம்பெனி மாறிய ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுங்கள்.