ஆக்‌ஷன் கேம்களில் கதை முக்கியமா, கேம்ப்ளே முக்கியமா? கதை நன்றாக இருந்தால் சுமாரான சண்டையைப் பொறுத்துக்கொள்ளலாமா?

ஆக்‌ஷன் கேம் என்றால் கேம்ப்ளேதான் முதலில். இதில் ரசனைக்கு அதிக வேலை இல்லை, கணக்குதான் பேசுகிறது. ஒரு கட்சீனை (நடுவே ஓடும் கதைக் காட்சி) ஒருமுறை பார்ப்பீர்கள். அடிக்கிற பட்டனையும் விலகுகிற பட்டனையும் ஆயிரக்கணக்கான தடவை அழுத்துவீர்கள். ஒருமுறை பார்ப்பது சொதப்பினால் மறந்துவிடலாம். ஆயிரம் தடவை செய்வது சொதப்பினால் பத்தாவது மணி நேரத்தில் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவீர்கள். கதையின் நல்ல பகுதி அதற்குப் பிறகு இருந்தும் பயனில்லை.

ஆனால் கதை ஒரு பக்கம், கேம்ப்ளே ஒரு பக்கம் என்று தராசில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கதை இரண்டு வழியாக வரும். ஒன்று கண் வழியாக: கட்சீன், வசனம், கிடைக்கிற கடிதங்கள். மற்றது கை வழியாக, அதாவது நீங்கள் அழுத்தும் பட்டனிலேயே நடக்கும் கதை. இரண்டாவது வகையை ஒழுங்காகச் செய்த கேமில் உங்கள் கேள்விக்கே இடம் இருக்காது. (கீழே சில கேம்களின் திருப்பங்கள் வெளியாகும். காட் ஆஃப் வார், சிஃபு, நியர் ஆட்டோமேட்டா, ஸ்பெக் ஆப்ஸ் இவற்றை இன்னும் ஆடாதவர்கள் பார்த்துப் படிக்கவும்.)

முதலில் "சுமாரான சண்டை" என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். ஒரு அடியில் மூன்று கட்டம் உண்டு: ஓங்குவது, படுவது, மீள்வது. நொடிக்கு 60 ஃபிரேமில் (படம்) ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 16.7 மில்லிசெகண்ட். ஓங்கும் கட்டம் நீண்டால் ஆயுதம் கனமாகத் தெரியும், கூடவே பட்டன் மந்தமாகவும் தெரியும். படும் கணத்தில் நல்ல கேம்கள் அடித்தவரையும் அடிபட்டவரையும் சில ஃபிரேம்கள் அப்படியே நிறுத்தி வைக்கும். ஹிட்ஸ்டாப் என்பது இதுதான். ஐந்து ஃபிரேம் நிறுத்தினால் 83 மில்லிசெகண்ட். நின்றது என்று கண்ணுக்குத் தனியாகத் தெரியாது, ஆனால் அதை நீக்கிவிட்டுப் பாருங்கள், வாள் புகைக்குள் போய் வருவது போல இருக்கும். மீளும் கட்டத்தை டாட்ஜ் (விலகல்) போட்டுப் பாதியில் வெட்ட முடிகிறதா என்பது அடுத்த கேள்வி. முடிந்தால் கேம் சுறுசுறுப்பாக இருக்கும். முடியாவிட்டால் ஒவ்வொரு அடியும் ஒரு பந்தயம், எப்போது அடிக்கலாம் என்று யோசித்தே அடிக்க வேண்டும். இரண்டுமே சரியான வடிவமைப்புதான். ஆபத்து எங்கே என்றால், மீளும் நேரத்தை நீளமாக வைத்துவிட்டு, எதிரி அடிக்கப் போகிறான் என்பதற்கு எந்த அறிகுறியும் காட்டாமல் விடுவதில். அப்போது தோற்றது நம் தப்பா, கேமின் தப்பா என்றே புரியாது.

இன்னொரு பொதுவான நோய்: டிஃபிகல்ட்டியை ஏற்றினால் எதிரியின் உயிர் மட்டும் ஏறுவது. அவன் புதிதாக எதுவும் செய்ய மாட்டான், சாவதற்கு மட்டும் மூன்று மடங்கு நேரம் எடுப்பான்.

இதெல்லாம் சரியாக அமைந்ததற்கு 2018-இல் வந்த காட் ஆஃப் வாரில் ஹீரோ கிரேட்டோஸின் கோடாரியைப் பாருங்கள். எறிந்தால் போய்க் குத்தி நிற்கும், பட்ட எதிரி உறைவான். முக்கோண பட்டனை அழுத்தினால் திரும்பி வரும், வரும் வழியில் யாராவது நின்றால் அவனையும் வெட்டும். கையில் வந்து அறையும்போது கண்ட்ரோலர் ஒரு உதறு உதறும். கோடாரி கையில் இல்லாத நேரத்திலும் வெறுங்கை அடிகள் எதிரியின் ஸ்டன் மீட்டரை (நிரம்பினால் அவன் தடுமாறி நிற்பான்) வேகமாக ஏற்றும்; ஆகவே எறிந்துவிட்டு நிற்பதும் ஒரு உத்தி. கதையே தெரியாதவரிடம் கொடுத்தாலும் அரை மணி நேரம் மரத்தைப் பார்த்து எறிந்துகொண்டிருப்பார்.

கதை இந்தக் கோடாரியின் மேல்தான் ஏறுகிறது. மகன் நோயில் விழுந்ததும் ஹெல்ஹைம் என்ற உறைந்த மரண உலகுக்குப் போக வேண்டும், அங்கே பனிக்கோடாரி செல்லாது. எனவே வீட்டுக்குத் திரும்பி, தரைக்கு அடியில் புதைத்து வைத்த பழைய சங்கிலிக் கத்திகளை எடுக்கிறார். பழைய பாகங்களை ஆடியவருக்கு அவை கொலைகளின் நினைவு. ஆடாதவருக்கு நெருப்பு அடிக்கும், வட்டமாகச் சுழலும் இரண்டாவது ஆயுதம். சண்டைக்குப் புது ஆயுதம் தேவைப்படும் நேரமும், மனிதர் தன் பழைய முகத்தைப் பார்க்க வேண்டிய நேரமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. நல்ல கதை என்று இந்த கேமைப் புகழ்பவர்கள் பலர் அப்பா மகன் வசனங்களைச் சொல்வார்கள். எனக்கு இந்த ஒரு இடம் அந்த வசனங்கள் எல்லாவற்றையும் விடப் பெரியது.

கை வழிக் கதைக்கு இன்னும் சுத்தமான உதாரணம் சிஃபு (2022). அப்பாவைக் கொன்ற ஐந்து பேரைப் பழிவாங்கப் போகிறான் 20 வயதுப் பையன். செத்தால் ஒரு தாயத்து எழுப்பிவிடும், ஆனால் சாவு எண்ணிக்கை எவ்வளவோ அத்தனை வயது கூடும். முதல் சாவில் 21. அடுத்ததில் இரண்டு கூடி 23. பிறகு 26, 30, 35, 41, 48, 56, 65, 75. பத்தே சாவில் கிழவன். எழுபதைத் தாண்டிவிட்டால் அடுத்த சாவு கடைசிச் சாவு. வயது பத்துப் பத்தாக ஏறும்போது அடியின் வலு கூடும், உயிர்க்கோடு குறையும். வலுவான எதிரிகளை வீழ்த்தினால் சாவு எண்ணிக்கை இறங்கும். இரண்டாவது லெவலை 50 வயதில் முடித்தால் மூன்றாவது லெவலுக்கு 50 வயதில்தான் போக முடியும், எனவே திரும்பிப் போய் இளமையாக முடிக்கப் பழகுவீர்கள். "பழிவாங்கல் ஒரு ஆயுளைத் தின்றுவிடும்" என்று எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, தாடி நரைப்பதைத் திரையில் பார்த்துக்கொண்டே ஆடுகிறீர்கள். எதிரிகளைக் கொல்லாமல் விடும் வழியும் உண்டு. அது கொல்வதை விடக் கடினம்: நிலைகுலைத்த பிறகு கடைசி அடியைப் போடாமல் கையை அடக்கி, மறுபடி நிலைகுலைக்க வேண்டும். மன்னிப்புக்கு உழைப்பு அதிகம் என்பதைக் கட்டைவிரலுக்குப் புரியவைக்கிறார்கள்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் (2003) இதையே லேசான கையால் செய்தது. முழு கேமும் இளவரசன் சொல்லிக்கொண்டிருக்கும் கதை. குழியில் விழுந்து செத்தால், இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை என்பது போலத் தன்னையே திருத்திக்கொள்வான். செக்பாயிண்ட் (செத்தால் திரும்பத் தொடங்கும் இடம்) என்ற சலிப்பான விஷயம் கதைசொல்லியின் தடுமாற்றமாகிவிட்டது. ஹேடிஸ் (2020) செய்ததும் இதன் தம்பிதான். செத்தால் வீட்டுக்கு வருகிறீர்கள், வீட்டில் எல்லோருக்கும் புதுப் பேச்சு இருக்கிறது. பாதாளத்திலிருந்து பத்து முறை தப்பித்தால்தான் முதன்மைக் கதை முடியும், அதனால் தோல்வியும் கதையை நகர்த்துகிறது.

இந்த வித்தை எப்போதும் பலிக்காது. செகிரோவில் (2019) அடிக்கடி செத்தால் ஊரில் உள்ளவர்கள் இருமத் தொடங்குவார்கள், டிராகன்ராட் என்ற நோய். புதியவர்கள் அரண்டுபோவார்கள். நிஜத்தில் நடப்பது, சாகும்போது பணத்தையும் அனுபவத்தையும் இழக்காமல் தப்பும் 30 சதவீத வாய்ப்பு குறைவதும், நோயாளிகளின் கிளைக்கதைகள் நின்றுபோவதும்தான். மருந்து கொடுத்தால் இரண்டும் திரும்பிவிடும். மிரட்டல் பெரிது, விளைவு சிறிது. கதையின் சத்தமும் விதியின் எடையும் பொருந்தாமல் போனால் வீரர் பயப்படுவார், பிறகு ஏமாந்ததாக உணர்வார்.

இன்னும் மோசமானது, கட்சீன் ஒன்றைச் சொல்ல கேம்ப்ளே அதற்கு எதிராகச் செய்வது. 2013-இன் டூம்ப் ரைடரில் லாராவின் முதல் கொலை நடுங்க வைக்கும் காட்சி. கொஞ்ச நேரத்தில் தலையில் சுட்டதற்குக் கூடுதல் புள்ளிகள் மிதந்து வரும். இந்த முரண்பாட்டுக்கு 2007-இல் பயோஷாக்கை விமர்சித்தபோது கிளின்ட் ஹாக்கிங் என்ற வடிவமைப்பாளர் 'லூடோநேரட்டிவ் டிஸனன்ஸ்' (ஆட்டமும் கதையும் ஒத்துப்போகாமை) என்று பெயர் வைத்தார். அன்சார்ட்டட் 4-இல் (2016) 1000 எதிரிகளைக் கொன்றால் இதே பெயரில் ஒரு டிராஃபி கொடுக்கிறார்கள். தங்களையே கிண்டல் செய்துகொள்ளும் நேர்மை பிடிக்கிறது, ஆனால் கிண்டல் செய்ததால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

மறுபக்கம், கதை மெலிந்தே இருந்தாலும் நிற்கும் கேம்கள் உண்டு. டெவில் மே க்ரை 5-இல் (2019) ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஸ்டைல் மதிப்பு ஏறாது. மாற்றி மாற்றிப் போட்டால் டி-யிலிருந்து எஸ்எஸ்எஸ் வரை ஏறும், கூடவே பாட்டும் உச்சத்துக்குப் போகும். இதில் பிளடி பேலஸ் என்று 101 தளங்கள், கதை என்பதே கிடையாது, மணிக்கணக்கில் ஆடலாம். டூம் எட்டர்னலில் (2020) கைச்சண்டையில் கொன்றால் உயிர் கிடைக்கும், செயின்சாவால் அறுத்தால் குண்டு கிடைக்கும், நெருப்பு வைத்து அடித்தால் கவசம் கிடைக்கும். எது குறைகிறதோ அதுவே அடுத்து யாரை எப்படிக் கொல்வது என்று முடிவு செய்கிறது. கதையைப் பொறுத்தவரை 2016-இன் டூம்தான் புத்திசாலி: நீளமாக விளக்கம் சொல்லும் திரையை ஹீரோ அடித்துத் தள்ளிவிடுகிறார், அதுவே போதுமான கதாபாத்திர அறிமுகம்.

"கதைக்காகவே ஆடுகிறோம்" என்று சொல்லப்படும் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-ஐக்கூட இப்படிச் சோதிக்க முடியும். 2024-இல் வந்த ரீமாஸ்டரில் நோ ரிட்டர்ன் என்ற பகுதி சேர்ந்தது: கதை இல்லை, வரிசையாகச் சண்டைகள் மட்டும். அது தனியாக நிற்கிறது. அந்தக் கதை அத்தனை பேரை உலுக்கியதற்கு அடியில் தாங்கிப் பிடித்தது இந்தச் சண்டைதான்.

வாங்குவதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டியது டிரெய்லர் அல்ல, நடுப்பகுதியில் யாரோ பேசாமல் ஆடும் பத்து நிமிட வீடியோ. எதிரி ஓங்குவது தெளிவாகத் தெரிகிறதா, அடி படும்போது ஒரு கணம் நிற்கிறதா, பாஸுக்கு (பெரிய எதிரி) முன் வரும் கட்சீன் இரண்டாவது முயற்சியில் ஸ்கிப் ஆகிறதா என்று கவனியுங்கள். இன்னொன்று, கையைக் கட்டிப்போட்டு மெதுவாக நடக்கவைத்துப் பேசும் பகுதிகள் எத்தனை என்று பாருங்கள். கட்சீனையாவது ஸ்கிப் செய்யலாம், இதைச் செய்ய முடியாது. மறுமுறை ஆடும்போது கழுத்தறுப்பது இதுதான்.

சண்டை மந்தமாகத் தெரிந்தால் கேமைத் திட்டும் முன் டிவியில் கேம் மோடைப் போடுங்கள். அது இல்லாமல் படத்தை மெருகூட்டும் வேலைகளால் சில டிவிகளில் தாமதம் 100 மில்லிசெகண்டை நெருங்கும். எதிரியின் அறிகுறிக்கும் அடிக்கும் நடுவே 400 மில்லிசெகண்ட் இருந்தால் அதில் கால் பங்கு டிவிக்கே போய்விடும். பிறகு 30 ஃபிரேம் குவாலிட்டி மோடிலிருந்து 60 ஃபிரேம் பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாறுங்கள். பேரி (எதிரியின் அடியைச் சரியான கணத்தில் தட்டிவிடுவது) வராது என்று புலம்பும் பாதிப் பேருக்கு இந்த இரண்டிலேயே வந்துவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கதை பிடித்து சண்டை பிடிக்கவில்லை என்றால் டிஃபிகல்ட்டியைக் குறைக்க வெட்கப்பட வேண்டாம். லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-இல் வீரர், எதிரிகள், கூட்டாளிகள், ஒளிந்து செல்வது, பொருட்கள் என ஐந்தையும் தனித்தனியாக மாற்றலாம். ஹேடிஸின் காட் மோட் 20 சதவீதப் பாதுகாப்பில் தொடங்கி ஒவ்வொரு சாவுக்கும் 2 சதவீதம் கூட்டி 80 வரை போகும். நியர் ஆட்டோமேட்டாவில் (2017) முதல் முடிவு வந்ததும் கேம் முடிந்தது என்று அணைத்துவிடாதீர்கள். இரண்டாவது சுற்று பெரும்பாலும் அதே நிகழ்வுகள்தான், சலிக்கும், ஈசியில் ஓட்டிவிடுங்கள். மூன்றாவதில்தான் கதை திறக்கிறது. கடைசி முடிவில் முகம் தெரியாத இன்னொரு வீரருக்கு உதவ உங்கள் சேவ் ஃபைலையே அழிக்கச் சம்மதமா என்று கேட்பார்கள். அதை எந்தக் கட்சீனாலும் செய்ய முடியாது.

சுமாரான சண்டையைப் பொறுத்துக்கொள்ளத் தகுந்தது என்று நான் சொல்வது ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன் (2012). மறைந்து சுடும் சாதாரண கேம், அதில் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் ஆட்களை எரிக்கும் வெள்ளை பாஸ்பரஸ் குண்டு வீசும் காட்சியில் மேலிருந்து பார்க்கும் கறுப்பு வெள்ளைத் திரையில் புள்ளிகளைக் குறிவைப்பீர்கள், அந்தத் திரையின் கண்ணாடியில் ஹீரோவின் முகம் தெரியும். சுட்டு முடித்ததும் அந்தப் புள்ளிகளாகத் தெரிந்த மனிதர்களுக்கு நடுவே நடந்துபோக வைப்பார்கள். ஈசியில் வைத்து ஆடுங்கள். இடைச் சண்டைகள் சீக்கிரம் முடியும், அந்த நடை மட்டும் எந்த டிஃபிகல்ட்டியிலும் அதே நீளம்தான்.