புது ஜாஸ் ஆல்பங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: 2024, 2025-ல் வந்ததில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம். எது?

ப: விஜய் ஐயரின் ‘கம்பாஷன்’ (2024, இசிஎம் கம்பெனி வெளியீடு). அவர் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை. பியானோவில் அவர், பேஸில் லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸில் டைஷான் சோரி. இந்த மூவரில் யார் பாட்டை நடத்துகிறார் என்று கண்டுபிடிக்கப் பாருங்கள், பிடிபடாது. மூன்றாவதாக வரும் ஸ்டீவி வொண்டரின் ‘ஓவர்ஜாய்ட்’ தெரிந்த மெட்டு, அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம். சாக்ஸ் கலைஞர் ராஸ்கோ மிட்செலின் ‘நோனா’ முதலில் முரண்டு பிடிக்கும், விட்டுவிடாதீர்கள். இரண்டாம் முறை கேட்கும்போது சோரியை மட்டும் கவனியுங்கள். சத்தத்தைக் கூட்டாமலே சூட்டைக் கூட்டுவார். அதே ஆண்டு சாக்ஸபோனுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் அவர் எழுதிய படைப்புக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். லிண்டா காணாமல் போய்விடுவார்.

கே: வேலை பார்த்துக்கொண்டே கேட்க ரிலாக்ஸிங் ஜாஸ் ஏதாவது?

ப: ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: நம்மூர்ப் பாட்டு வாசனை உள்ள புது ஆல்பம் இருக்கிறதா சார்?

ப: இம்மானுவேல் வில்கின்ஸின் ‘ப்ளூஸ் பிளட்’ (2024, ப்ளூ நோட்). இவர் ஆல்ட்டோ சாக்ஸ். தமிழ்நாட்டில் வளர்ந்த கணவ்யா இதில் பாடுகிறார். ஆனால் வாசனைக்காகப் போகாதீர்கள். 1964-ல் நியூயார்க் காவலில் அடிவாங்கிய கறுப்பின இளைஞர் ஒருவரின் வாக்குமூலத்திலிருந்து பிறந்த ஆல்பம் இது. கனமானது.

கே: ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘கார்னகி ஹால்’ எப்படி?

ப: பிரமாதம். 1971 பிப்ரவரியில் நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கில் நடந்த கச்சேரி, முழுசாக வெளிவந்தது 2024-ல். கோவைப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரின் யோகா நிலையத்துக்கு நிதி திரட்ட நடத்தியது. இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ், சாக்ஸில் ஃபாரோ சாண்டர்ஸும் ஆர்ச்சி ஷெப்பும். ஆலிஸ் முதல் பாதியில் ஹார்ப், பிறகு பியானோ. ‘ஆப்பிரிக்கா’ என்ற உருப்படியில் அவர் பியானோவை அடிக்கிற அடியைக் கேட்டால், ஹார்ப் வாசிக்கும் சாந்த சொரூபி என்ற பிம்பமெல்லாம் போய்விடும்.

கே: 1971 கச்சேரி புது ஆல்பமா? கம்பெனிகள் பழைய பெட்டியைத் தோண்டி விற்கின்றன. இன்று வாசிக்கிற பிள்ளைகளை யார் கேட்பது?

ப: நியாயமான கோபம். அதனால்தான் விஜய்யை முதலில் சொன்னேன். அமெரிக்க ஜாஸ் பத்திரிகை ‘டவுன்பீட்’டின் விமர்சகர்கள்கூடத் தங்கள் தேர்வில் இப்படிப்பட்ட பழைய பதிவுகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று ‘கார்னகி ஹாலு’க்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். ஆனால் கேட்காதே என்று எப்படிச் சொல்வது?

கே: குறுக்கே வருகிறேன். பியானோ மெக்காய் டைனர், சாக்ஸ் ஜோ ஹெண்டர்சன் இருவரின் ‘ஃபோர்சஸ் ஆஃப் நேச்சர்’ முன்னால் இந்தப் புதுப் பிள்ளைகள் நிற்க முடியுமா?

ப: வந்துவிட்டீர்களா! 1966-ல் நியூயார்க்கின் ஸ்லக்ஸ் கிளப்பில் வாசித்தது, 2024-ல் வெளியானது. டிரம்ஸில் இருபதுகளில் இருந்த ஜாக் டிஜானெட். அந்த டேப்பை இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தவரும் அவர்தான். அன்று அவரே புதுப் பிள்ளைதானே ஐயா? அன்றைக்கு யாரோ காசு கொடுத்து உள்ளே போய் உட்கார்ந்ததால்தான் அந்த ராத்திரி நடந்தது. பழையதை வாங்குங்கள், கூடவே உயிரோடிருக்கிற ஒருவருடையதையும் வாங்குங்கள்.

பழைய பெட்டி என்று கோபப்பட்ட நண்பரே, நீங்களும் சிரிக்க வேண்டாம். டைனரைக் கேட்காமல் விஜய்யின் இடது கை பாதிதான் புரியும்.

கே: ‘கம்பாஷன்’ போனில் போட்டேன். பேஸ் கேட்கவில்லையே, பதிவு சரியில்லையா?

ப: ஹெட்போன்.

கே: ஆரம்ப நிலை ரசிகருக்கு ஒன்று சொல்லுங்கள்.

ப: மேலே ‘ஓவர்ஜாய்ட்’ என்று சொல்லியிருக்கிறேன். இதே கேள்விக்கு இனி பதில் கிடையாது.

கே: எந்த ரெக்கார்டு பிளேயர் வாங்கலாம்?

ப: கடைக்காரரைக் கேளுங்கள்.

கே: கிட்டார் பக்கம் யாரும் இல்லையா?

ப: மேரி ஹால்வர்சன், ‘அபவுட் கோஸ்ட்ஸ்’ (2025). தெளிவாக ஒரு ஸ்வரத்தை வைப்பார், அது காலுக்கடியில் வழுக்கிக்கொண்டு போகும். காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடலின் வேலை அது. ஊதுகருவிகளுக்கு அவர் எழுதியிருக்கும் பகுதிகள் அதைவிட விசேஷம், வில்கின்ஸ் இதிலும் சில உருப்படிகளில் ஊதுகிறார். உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனில் பட்ரீஷியா பிரென்னன். பிடித்துப்போனால் பிரென்னனுடைய ‘பிரேக்கிங் ஸ்ட்ரெட்ச்’ (2024) அடுத்தது.