ப்ரூச்சின் பின்பக்கம் – கடிதம்

வணக்கம். பாரிஸ் போன தம்பி எனக்கு ஒரு பழைய ப்ரூச் வாங்கி வந்தான். கறுப்பு நிறம், செதுக்கிய இலை. 1930-களில் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் ஸ்கியாப்பரெல்லியின் கடையில் விற்றது என்று சொல்லிக் கொடுத்தார்களாம். பின்பக்கம் பெயரே இல்லை. ஏமாந்துவிட்டோமா? சூடான ஊசியால் குத்தினாலோ வெந்நீரில் போட்டாலோ என்ன பொருள் என்று தெரியுமாமே, செய்யட்டுமா? என்ன விலை பெறும்?
– வி.

அன்புள்ள வி.,

முதலில் அந்த ஊசியைக் கீழே வையுங்கள்.

இரண்டு நாளாக என் மேஜைமேல் கொம்பில் செதுக்கிய தட்டாம்பூச்சி ஒன்று கிடக்கிறது. பாரிஸின் வடக்கு விளிம்பில் சேந்த்-உவான் பழஞ்சந்தையில் வாங்கியது. மாட்டுக் கொம்பைத் தகடாக்கி, சிறகின் நரம்பு ஒவ்வொன்றையும் கையால் கீறியிருக்கிறார்கள், விளக்குக்கு எதிரே பிடித்தால் தேன்போல ஒளி கசியும். வாங்கிய அன்றே நானும் ஊசியைக் காய்ச்சிக் குத்தினேன். முடி பொசுங்கும் நாற்றம் வந்தது, கொம்புதான் என்று தெரிந்தது. இருபது வருடமாகிறது, அந்த ஓட்டை இன்னும் சிறகில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

உங்களுடையது சாயமேற்றிய கொம்பாக இருக்கலாம், கலாலித்தாகவும் இருக்கலாம். கலாலித் என்றால் பால்கல்: பாலின் புரதத்தை ஃபார்மலினில் ஊறவைத்து இறுக்கியது. இறுகிய பிறகு அதை அச்சில் வார்க்க முடியாது. தகடாகவோ தண்டாகவோதான் கிடைக்கும், அறுத்துக் கடைந்து செதுக்கித்தான் உருவம் எடுக்க வேண்டும். மலிவான பொருளில் அத்தனை கைவேலை வந்தது அதனால்தான். அதைப் போய் வெந்நீரில் போடுவதா? யாரம்மா உங்களுக்கு இதைச் சொன்னது? பால்கல் தண்ணீரைக் குடித்து உப்பும், காயும்போது வெடிக்கும். கொம்பு வளைந்து ஏடு ஏடாகப் பிரியும். செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் சூடான ஊசி பட்டுத் தீயே பிடிக்கலாம். வெந்நீர் வேண்டாம், ஈரத்துணியும் வேண்டாம், சோப்பு வேண்டவே வேண்டாம். மெல்லிய உலர்ந்த தூரிகை போதும்.

பெயர் இல்லாததை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அக்காலப் பாரிஸ் நகைகள் பலவற்றில் பெயர் கிடையாது. ஸ்கியாப்பரெல்லி கையெழுத்தோடு இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் உரிமம் பெற்றுச் செய்தவை. பெயர் இருந்தாலும் அது செதுக்கியவருடையதா? ஸ்கியாப்பரெல்லிக்குப் பொத்தான்களும் நகைகளும் செய்த ழான் க்ளெமான், ழான் ஷ்லும்பெர்ழே பெயர்களாவது நமக்குத் தெரியும். அவர்களுக்கும் கீழே பட்டறையில் அரம் பிடித்தவர்கள்? ப்ரூச்சைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், அரத்தின் கோடு தெரியும். அந்தக் கோடுதான் அவருடைய கையெழுத்து. அதை விட்டுவிட்டு எழுத்தைத் தேடுகிறீர்களே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

விலையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. தம்பி ஆசையாகக் கொண்டுவந்தது, அணிந்துகொள்ளுங்கள். பட்டில் மட்டும் வேண்டாம், பழைய ப்ரூச்சின் ஊசி தடிமனானது, இழை அறுந்துவிடும். கனமான பருத்திப் புடவை சரியாக இருக்கும்.