429 கோடி காட்டும் டிஸ்க்கும் 8 காட்டும் டிஸ்க்கும்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பழைய மேசைக் கணினி ஒன்றில் உபுண்டு போட்டு, டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) ஸ்க்ரூட்டினி (டிஸ்க்குகளின் உடல்நிலையைக் காட்டும் நிரல்) ஓட்டுகிறேன். மொத்தம் நான்கு டிஸ்க்: சிஸ்டத்துக்கு ஒரு என்விஎம்இ (வேகமான சில்லு வகை டிஸ்க்), படங்களுக்கு 4 டிபி சீகேட் இரண்டு, காப்புக்கு யூஎஸ்பி பெட்டியில் ஒன்று. டாஷ்போர்டில் சீகேட் இரண்டு மட்டும்தான் தெரிகின்றன, இரண்டும் சிவப்பு. ஒன்றில் 188ஆம் வரியில் 4295032833 என்று நிற்கிறது. மற்றதில் 197ஆம் வரியில் 8. நண்பர் சொன்னபடி செட்டிங்கில் 'ஸ்மார்ட்' மட்டும் என்று மாற்றினேன், இரண்டும் பச்சையாகிவிட்டன. கோப்புகள் எல்லாம் நன்றாகத் திறக்கின்றன. இப்படியே விடலாமா?

பதில்: விடாதீர்கள். அந்தச் செட்டிங்கை முதலில் பழையபடி ஸ்மார்ட், ஸ்க்ரூட்டினி இரண்டும் சேர்ந்த நிலைக்கு மாற்றுங்கள். 429 கோடி காட்டும் டிஸ்க்கைப் பற்றிக் கவலை வேண்டாம். 8 காட்டும் டிஸ்க்கிலிருந்துதான் இன்றே படங்களை வேறு இடத்துக்கு நகல் எடுக்க வேண்டும்.

அந்தச் செட்டிங் என்ன செய்கிறது? ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எண்ணி வைக்கும் கணக்கு; 188, 197 எல்லாம் அதன் வரி எண்கள். 'ஸ்மார்ட்' என்று வைத்தால், டிஸ்க் தயாரித்த நிறுவனம் போட்ட எல்லையைத் தாண்டினால் மட்டுமே சிவப்பு எரியும். 197க்குப் பெரும்பாலான டிஸ்க்குகளில் அந்த எல்லை பூஜ்யம். அதாவது, எண் எவ்வளவு ஏறினாலும் டிஸ்க் தன் வாயால் 'கெட்டுவிட்டேன்' என்று சொல்லாது. ஸ்க்ரூட்டினி தனியாக வைத்திருக்கும் எல்லைகள், பேக்பிளேஸ் நிறுவனம் தன் சேமிப்பு மையங்களில் டிஸ்க்குகள் செத்த கணக்கை 2013 முதல் திரட்டி வெளியிட்டுவரும் தரவிலிருந்து வந்தவை. கறாரானவை, சில நேரம் வீணாகவும் கூச்சல் போடும். ஆனாலும் அணைத்து வைக்கிற அளவுக்கு மோசமில்லை.

வீண் கூச்சலுக்கு உங்கள் 188 நல்ல உதாரணம். டிஸ்க்குக்குக் கொடுத்த கட்டளை நேரத்துக்குள் முடியாமல் போன தடவைகளை எண்ணும் வரி அது. சீகேட் அதில் ஒரே எண்ணை வைப்பதில்லை. மூன்று சிறு எண்களை ஒட்டி ஒரே பெரிய எண்ணாகத் தருகிறது. 65536ஆல் வகுத்துப் பாருங்கள்: 4295032833ஐ வகுத்தால் ஈவு 65537, மீதி 1. அந்த 65537ஐ மறுபடி வகுத்தால் ஈவு 1, மீதி 1. ஆக உள்ளே இருப்பது 1, 1, 1. எப்போதோ ஒரு முறை தாமதமாகியிருக்கிறது, அவ்வளவுதான். சீகேட்டில் 1, 7 ஆகிய வரிகளின் பூதாகரமான எண்களும் இதே ரகம்; அவற்றைப் பார்த்துப் பயந்து டிஸ்க் மாற்றியவர்கள் நிறைய.

இப்போது 197. படிக்க முயன்று முடியாமல் போய், 'பிறகு பார்க்கலாம்' என்று டிஸ்க் ஒதுக்கி வைத்திருக்கும் செக்டர்களின் (தரவு எழுதும் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை இது. 8 என்றதும் எட்டு இடத்தில் பழுது என்று நினைக்க வேண்டாம். இன்றைய டிஸ்க்குகளில் உண்மையான செக்டர் 4096 பைட். வெளியே 512 பைட்டாகப் பிரித்துக் காட்டுவதால் ஒரே பழுது எட்டாகத் தெரியும். அடுத்து 16, 24 என்று ஏறினால் பழுது பரவுகிறது என்று பொருள். கோப்புகள் எல்லாம் திறக்கின்றன என்கிறீர்கள். அந்த 4096 பைட் யாருடைய கல்யாணத்தில் விழுந்திருக்கிறது என்பது அந்த வீடியோவை முழுக்க ஓட்டினால்தான் தெரியும்.

வரிசை முக்கியம். முதலில் வேறெங்கும் நகல் இல்லாத படங்களை எடுங்கள். ஏதாவது கோப்பு நடுவில் நின்றால் திரும்பத் திரும்ப முயலாமல் தாண்டிப் போங்கள். நின்றவற்றைக் கடைசியில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு எடுக்கலாம். நகல் முடியும் முன், டிஸ்க் தன்னை முழுக்கப் படித்துப் பார்க்கும் நீண்ட சோதனையை ஓட்டாதீர்கள், தள்ளாடும் டிஸ்க்குக்கு அது வீண் உழைப்பு. எல்லாம் வெளியே வந்து, நகல் சரியாகத் திறக்கிறது என்று பார்த்த பிறகு, டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதுங்கள். எழுதும்போது ஒதுக்கி வைத்த செக்டரை டிஸ்க் மறுபடி சோதிக்கும். தேறினால் 197 பூஜ்யத்துக்கு இறங்கும். தேறாவிட்டால் மாற்று இடம் ஒதுக்கப்பட்டு 5ஆம் வரி ஏறும். அதன்பின் நீண்ட சோதனை. 4 டிபிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 மணி நேரம் பிடிக்கும், நடுவில் கணினியை அணைத்தால் சோதனை அறுந்துவிடும். 5 ஏறினாலோ, சில வாரத்தில் 197 மறுபடி தலைகாட்டினாலோ, உத்தரவாதக் காலம் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாமல் போன இரண்டு டிஸ்க்குகளுக்கு வருவோம். கன்டெய்னருக்குள் (டாக்கர் ஓட்டும் அந்தப் பெட்டிக்குள்) இருக்கும், டிஸ்க்கின் எண்களைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கருவிக்கு நீங்கள் கையில் கொடுத்த டிஸ்க் மட்டுமே தெரியும். உங்கள் சீகேட் போன்ற சாட்டா டிஸ்க்குக்கு 'சிஸ் ரா ஐஓ' என்ற உரிமை போதும். என்விஎம்இக்கு 'சிஸ் அட்மின்' உரிமையும் வேண்டும். கன்டெய்னரின் அமைப்பை எழுதிய கம்போஸ் கோப்பில் கேப் ஆட் பகுதியில் இரண்டையும் எழுதுங்கள். இன்னொரு வழக்கமான தவறு, என்விஎம்இயின் பெயர். கடைசியில் 'என்1' என்று முடிவது சேமிப்புப் பகுதி. அது இல்லாத, என்விஎம்இ0 என்று முடிகிற கன்ட்ரோலரைத்தான் டிவைசஸ் பகுதியில் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மருந்தாக 'பிரிவிலேஜ்டு' (எல்லா உரிமையும்) போடச் சொல்வார்கள். வேலை செய்யும்தான். ஆனால் நான்கு டிஸ்க்கின் சூட்டைப் பார்க்க வந்த கன்டெய்னருக்கு வீட்டுச் சாவியையே கொடுப்பானேன்?

யூஎஸ்பி பெட்டியில் டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்புச் சில்லு உட்கார்ந்திருக்கிறது. கன்டெய்னருக்கு வெளியே, ஸ்மார்ட்சிடிஎல்லுக்கு டிஸ்க்கின் வகை 'சாட்' என்று சொல்லிப் பாருங்கள். விவரம் வந்தால் ஸ்க்ரூட்டினியின் கலெக்டர் யாமல் கோப்பில் அந்த டிஸ்க்குக்கு அதே வகையை எழுதினால் போதும். வராவிட்டால் அந்தச் சில்லு தகவலைக் கடத்தாத ரகமாக இருக்கலாம். பெட்டியை மாற்றுவதுதான் வழி. ஒன்று கவனம்: காப்பு டிஸ்க்கை அடிக்கடி கழற்றுபவராக இருந்தால் அதை டிவைசஸ் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது செருகியில்லாத நாளில் கன்டெய்னரே கிளம்பாது.

ஸ்க்ரூட்டினியின் 'ஆம்னிபஸ்' இமேஜில் (எல்லாம் ஒன்றான டாக்கர் தொகுப்பு) இணையப் பக்கம், சேகரிப்பான், இன்ஃப்ளக்ஸ் தரவுத்தளம் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. கன்ஃபிக் அடைவையும் இன்ஃப்ளக்ஸ் அடைவையும் கன்டெய்னருக்கு வெளியே மாட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த அப்டேட்டில் பழைய எண்கள் எல்லாம் போய்விடும். 197 போன மாதம் எத்தனை என்று தெரியாவிட்டால் இன்றைய 8க்குப் பாதி அர்த்தம்தான்.

சேகரிப்பு நாளுக்கு ஒரு முறை, நள்ளிரவில் நடக்கும். கன்டெய்னருக்கு நேர மண்டலம் சொல்லாவிட்டால் அது உலகப் பொது நேரத்து நள்ளிரவு, மலேசியாவில் நமக்குக் காலை 8 மணி. கடையை 10 மணிக்குத் திறந்து அப்போதுதான் கணினியைப் போடுவீர்கள் என்றால் சேகரிப்பு ஒரு நாளும் நடக்காது. சேகரிப்பு நேரத்தைக் குறிக்கும் கிரான் அட்டவணையில் மணியை 3 என்று வைத்தால் காலை 11க்கு ஓடும்.

தகரக் கூரைக் கடையில் மதியச் சூடு டிஸ்க் வரைக்கும் வரும். 45 பாகைக்குக் கீழே வைக்கப் பாருங்கள். 50ஐத் தொட்டால் டிஸ்க்குகளுக்கு முன்னால் ஒரு 120 மில்லிமீட்டர் காற்றாடி போடுங்கள். சாயங்கால இடி மழையில் மின்சாரம் வெட்டி வெட்டி வரும் ஊர் என்பதால் 192ஐயும் பாருங்கள்: திடீரென்று மின்சாரம் போய், தலைப்பகுதி அவசரமாக ஒதுங்கிய தடவைகள் அதில் ஏறும். அது ஏறிக்கொண்டே போனால் யூபிஎஸ் வாங்காமல் தீராது. 199 ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம், டிஸ்க் இல்லை. கேபிளை மாற்றிய பிறகும் அந்த எண் இறங்காது. மேலே ஏறாமல் நின்றால் சரி.

எல்லாம் பச்சையாக இருந்தாலும் காப்பு நகலை நிறுத்த வேண்டாம். கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 56 விழுக்காட்டுக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களிலும் எந்த அறிகுறியும் காட்டவில்லை.

ஸ்க்ரூட்டினிக்குக் கடவுச்சொல் கிடையாது. 8080 போர்ட்டை ரௌட்டரில் வெளியே திறந்துவிடாதீர்கள்; டாக்கர் திறக்கும் போர்ட்டை உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ தடுப்புச்சுவர் தடுக்கும் என்று நம்பவும் வேண்டாம். தினமும் பக்கத்தைத் திறந்து பார்க்க நேரம் இருக்காது என்பதால் டெலிகிராம் அறிவிப்பைக் கன்ஃபிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். சேர்த்ததும் ஸ்க்ரூட்டினியின் ஹெல்த் நோட்டிஃபை முகவரிக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை அனுப்பிச் சோதியுங்கள். செய்தி கைபேசிக்கு வந்து சேர்ந்தால்தான் அது வேலை செய்கிறது என்று கணக்கு.