பீரோவில் இருக்கும் ஆறு ஆதார் அட்டைகள்

கேள்வி: கீழக்கரைப் பக்கம் ஐஸ் கம்பெனி நடத்துகிறேன். ஒடிசாவிலிருந்து வந்த ஆறு பையன்கள் வேலை பார்க்கிறார்கள். ஊர் முறை எதுவும் இவர்கள் மண்டையில் ஏறுவதில்லை. போன வாரம் இரண்டு பேர் குடிதண்ணீர் ஊருணியில் இறங்கிச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் என்னை நிற்கவைத்து 5,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். அதைப் பையன்கள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டேன். கம்பெனியிலேயே போர் தண்ணீர் இருக்கிறது, ஐஸுக்கு மட்டும்தான் டேங்கர் தண்ணீர் வாங்குகிறேன். அப்படியிருக்க, ஊருணிக்கு ஏன் போகிறார்கள்? நானும் சவுதியில் பதினோரு வருடம் இருந்தவன். பாங்கு சொன்னால் ஷட்டரை இறக்குவோம். நோன்பு மாதத்தில் பகலில் வெளியே தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். வந்த இடத்தை மதிக்க இவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பேசாமல் வேறு மாநிலத்து ஆட்களைக் கொண்டுவரலாமா? மீன்பிடித் தடைக்காலத்தில் ஊருக்குப் போனால் திரும்ப மாட்டார்கள் என்று ஆதார் அட்டைகளை வாங்கி வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன், அட்வான்ஸும் கொடுத்திருக்கிறேன். அதனால் ஓடிவிடுவார்கள் என்ற பயம் மட்டும் இல்லை.

பதில்: ஊருணிக் கதையை விலாவாரியாக எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் பீரோவைச் சொல்கிறீர்கள். நான் பீரோவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அட்வான்ஸ் கொடுத்து, அதைக் காட்டி ஒருவனை நினைத்த இடத்துக்குப் போக விடாமல் வைத்திருப்பதற்கு நம் நாட்டில் 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. கல்குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் மட்டும் போட்ட சட்டம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொருவர் ஆதார் அட்டையைப் பூட்டிவைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. ஆஸ்பத்திரியில் கேட்டால், ரயிலில் டிக்கெட் பரிசோதகர் கேட்டால், அந்தப் பையன் எதைக் காட்டுவான்? உங்கள் பீரோவையா?

சரி, சவுதிக்கு வருவோம். அங்கே உங்கள் பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது? அதை எழுதவில்லை. இந்தக் கடற்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டுக் கடிதங்களை நான் வருடக்கணக்காகப் படிக்கிறேன். கபீல், அதாவது வேலைக்கு எடுத்த அரபு முதலாளி, பாஸ்போர்ட்டைத் தரவில்லை, அப்பாவின் சாவுக்கு வர முடியவில்லை, தங்கை கல்யாணத்தை போனில்தான் பார்த்தான் என்று எத்தனை கடிதங்கள்! தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த நாட்டு விதி. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பதும் அங்கே விதிதான். தொழிலாளியாக நீங்கள் மதித்த முறைகளைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். முதலாளி மதிக்க வேண்டிய விதி ஒன்றுகூட உங்களுக்கு ஞாபகம் வரவில்லை. இப்போது நீங்கள் முதலாளி. இந்த ஊரின் விதி உங்களையும்தான் கட்டும்.

தடைக்காலக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. உங்கள் ஐஸும் ஓடாது. மீனவர் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அந்தப் பையன்களுக்கு அதில் ஒரு பைசா இல்லை. நீங்கள் அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுத்தீர்களா? கடிதத்தில் இல்லை, அதனால் கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது, ஊருக்குப் போகவும் முடியாது. ராமேஸ்வரத்திலிருந்து புவனேஸ்வருக்கு வாரம் ஒரு ரயில் ஓடுகிறது. அதில் ஏறிப் போய் அம்மா கையால் ஒரு மாதம் சாப்பிட்டு வரலாம். அதைத் தடுக்க நீங்கள் யார்? பெற்றவள் பிள்ளையை வேலைக்குத்தான் அனுப்பினாள், அடகு வைக்கவில்லை. பிள்ளை வருகிற நாளுக்குத் தாய் காத்திருப்பதில் சம்பளம் கொடுக்கிறவனுக்குக் கேள்வி கேட்க இடமே இல்லை. இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

இனி ஊருணி. பையன்கள் செய்தது தப்பு, சந்தேகமே வேண்டாம். ராமநாதபுரத்துக் கடலோரத்தில் நல்ல தண்ணீரின் அருமை தெரியாதவர்கள் கிடையாது. தள்ளுவண்டியில் வரிசையாகக் குடங்களை அடுக்கி, வெயிலில் தள்ளிக்கொண்டு போகிற பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். குடிதண்ணீர் ஊருணியில் காலை நனைக்கக் கூடாது, சில ஊரில் கரையில் செருப்புப் போட்டு நடக்கவே கூடாது. ஊர் அபராதம் போட்டது நியாயம். ஆனால் அதைப் பையன்களுக்கு யார் சொன்னது? கரையில் பலகை இருந்தால் தமிழில் இருக்கும். சவுதியில் இறங்கிய முதல் வாரம், எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று யாரோ ஒரு நம்மூர்க்காரர் உங்களுக்குத் தமிழில் சொல்லியிருப்பார். இவர்களுக்கு அந்த ஆள் நீங்கள்தான், நீங்கள் சொல்லவில்லை.

ஏன் ஊருணிக்குப் போகிறார்கள் என்று கேட்கிறீர்களே, பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடலோரத்து போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். ஐஸுக்கு டேங்கர் தண்ணீர், ஆளுக்கு உப்புத் தண்ணீரா? தினம் இரண்டு டிரம் நல்ல தண்ணீர் ஒதுக்கினால் உங்கள் கம்பெனி முழுகிவிடாது.

ஆளை மாற்றுகிற பேச்சை விடுங்கள். பீகார் பையன் வந்தாலும் அதே போர் தண்ணீர்தானே!

இன்று சாயங்காலமே ஆறு அட்டைகளையும் ஆறு பேர் கையிலும் கொடுங்கள், மேனேஜரிடம் கொடுத்தனுப்பாதீர்கள். பிடித்த 5,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். அழைத்துவந்தவர் நீங்கள், அபராதம் உங்களுடையது. அப்புறம் குளித்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஊர்ப் பெரியவர்களிடம் போங்கள். அவர்கள் வாயாலேயே மன்னிப்புக் கேட்கட்டும், கூடவே நீங்களும் கேளுங்கள். ஹிந்தி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு குடிக்கிற ஊருணி எது, குளிக்கிற குளம் எது, வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் எந்தத் தெருவில் சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது என்று நடந்தே காட்டுங்கள்.

அடுத்த தடைக்காலத்தில் போகவர டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்புங்கள். இரண்டு பேர் திரும்பாமல் போகலாம். அவர்கள் தர வேண்டிய அட்வான்ஸைக் கம்பெனிச் செலவில் எழுதிவிட்டு, ஏன் வரவில்லை என்று திரும்பி வந்த நாலு பேரிடம் கேளுங்கள்.