ராமநாதபுரமா, சென்னையா? முதலில் பார்க்க வேண்டியது தூரம் இல்லை

கேள்வி: என் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 162. ராமநாதபுரத்தில் சேர்த்து, தினமும் வீட்டிலிருந்தே போய்வரட்டும் என்கிறார் கணவர். மகளுக்குச் சென்னையில் படிக்க ஆசை. "பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் விடணுமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: ஊர் எது என்பதை அப்புறம் பேசலாம். சீட் எந்த வழியில் கிடைக்கிறது என்பதை முதலில் பாருங்கள். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை முடிவு அதில்தான் இருக்கிறது.

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததால், மகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. இன்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-இல் வந்த சட்டம் இது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அதனால் 7.5-இல் சென்னையில் ஒரு நல்ல கல்லூரி கிடைத்தால், வீட்டுக்குப் பக்கத்தில் காசு கட்டிப் படிப்பதைவிட அது மலிவாக முடியும். பக்கம் என்றால் செலவு குறைவு என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சலுகை கவுன்சலிங்கில் 7.5 ஒதுக்கீட்டின் கீழ் வரும் இடத்துக்கு மட்டும்தான். ஏஜென்ட் யாராவது "சென்னையில் சீட் வாங்கித் தருகிறேன்" என்று வந்தால், அது மேனேஜ்மென்ட் சீட். அதில் 7.5 சலுகையும் கிடையாது, முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது. மொத்தக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். அப்படி ஒரு சீட்டுக்காகச் சென்னைக்கு அனுப்பவே வேண்டாம்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகளின் வங்கிக் கணக்குக்கு வரும். மற்ற உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது. கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்து, வீட்டிலிருந்து தினமும் போய்வருவது. உங்கள் கணவர் சொல்வதில் பாசம் இருக்கிறது, ஆனால் சென்னை விடுதி, ராமநாதபுரம் விடுதி, வீட்டிலிருந்து போய்வருவது என்ற மூன்று வழிகளில் பிள்ளைக்கு அதிகக் கஷ்டம் தருவது இதுதான். தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அண்ணா பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் உறுப்புக் கல்லூரி நகருக்கு வெளியே புல்லங்குடியில் இருக்கிறது. ராமநாதபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாளில் மூன்று, நான்கு மணி நேரம் சாலையிலேயே போய்விடும். ஏழு மணிக்கு முன்பே கிளம்பி, இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் பிள்ளை எப்போது லேப் ரெக்கார்டு எழுதும்? தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் இரண்டு செமஸ்டரில் கணக்கும் இயற்பியலும் ஆங்கிலத்தில் பிடிபடவே கூடுதல் நேரம் வேண்டும். அரியர் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

இதோடு மழைக்காலமும் சேரும். செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரில் வரும். நம் பக்கம் புயல் சின்னம் உருவாவதும் அந்த மாதங்களில்தான். காற்று கூடினால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். வருகைப் பதிவு 75 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மருத்துவச் சான்று கொடுத்துத் தப்பிக்கலாம். 65-க்கும் கீழே இறங்கிவிட்டால் அந்த செமஸ்டர் தேர்வே எழுத முடியாது.

அதனால் ராமநாதபுரத்தில் சேர்த்தாலும் விடுதியில் தங்கவையுங்கள். கல்லூரியில் இடம் இல்லையென்றால், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தும் மாணவியர் விடுதிக்கு விண்ணப்பிக்கலாம். சமூகநீதி விடுதி என்று இப்போது பெயர். தங்குவதற்கும் உணவுக்கும் கட்டணம் இல்லை. மாணவர்களுக்கு வீட்டிலிருந்து கல்லூரி 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. மாணவியருக்கு அந்தத் தூர விதி கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஞாயிறு மாலை திரும்பிவிடலாம்.

கல்லூரியை எப்படி எடைபோடுவது? அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை செமஸ்டர்தோறும் வெளியிடுகிறது. அதைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் சொந்தமாகத் தேர்வு நடத்துவதால், அவற்றின் விழுக்காட்டை இதோடு ஒப்பிட முடியாது. பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்கும்போது, "எங்கள் கல்லூரியில் இத்தனை லட்சம் சம்பளம்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். மகள் எடுக்கப்போகும் பிரிவில் போன வருடம் எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேர் கையில் வேலை ஆணை இருந்தது என்று மட்டும் கேளுங்கள். பதிலில் தடுமாறினால் புரிந்துகொள்ளுங்கள்.

கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலை உண்மையான விருப்ப வரிசையில் போடுங்கள். "இது கிடைக்காது" என்று பயந்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ளிவிட்டால், கிடைத்திருக்க வேண்டிய இடம் கை நழுவிப் போகும். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய உண்டு. பெயரைப் பார்க்காமல் குறியீட்டு எண்ணைப் பார்த்துப் பதியுங்கள். லாக் செய்த பிறகு மாற்ற முடியாது.

நான் போடச் சொல்லும் வரிசை இது: 7.5-இல் வாய்ப்புள்ள நல்ல சென்னைக் கல்லூரிகள், அதன் பின் மதுரை, அதற்கடுத்து ராமநாதபுரம் உறுப்புக் கல்லூரி. பெயருக்காக மட்டும் சாதாரணச் சென்னைக் கல்லூரி எதையும் ராமநாதபுரத்துக்கு மேலே வைக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும். அது முடிந்த கையோடு கல்லூரிச் செலவு வந்து நிற்கிறது. அரசு கட்டணத்தை ஏற்றாலும் பெட்டி, துணி, புத்தகம், டிக்கெட், கைச்செலவு என்று முதல் மாதத்தில் ஒரு தொகை வேண்டும். அவசரத்துக்கு மீட்டர் வட்டியில் கைவைக்கும் நிலை அங்கேதான் வருகிறது. அடுத்தடுத்த வருடங்களுக்காவது மகளிர் குழுச் சேமிப்போ சீட்டோ ஜூனில் கைக்கு வருமாறு இப்போதே திட்டமிடுங்கள். கணவர் மீனவர் நல வாரியத்தில் உறுப்பினர் என்றால், பிள்ளைகளின் படிப்புக்கு அங்கும் உதவித்தொகை உண்டு, கேட்டுப் பாருங்கள்.

சொந்தக்காரர்கள் சொல்லும் பயத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு விடுதி நடக்கும் விதத்தில் இருக்கிறது. சேர்ப்பதற்கு முன் நீங்களே போய், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் விடுதியைப் பாருங்கள். வார்டன் அங்கேயே தங்குகிறாரா, இரவில் காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள், தண்ணீர் எப்படி என்று சீனியர் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள். ராகிங் பற்றிப் புகார் செய்ய 1800-180-5522 என்ற இலவச எண்ணை மகளின் போனில் பதிந்துவையுங்கள்.

தினமும் மீன் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஹாஸ்டல் சாம்பார் முதலில் இறங்காது. நெத்திலிக் கருவாட்டை வெறும் சட்டியில் மொறுமொறுவென வறுத்து, மிளகாய், பூண்டு வைத்துப் பொடித்து, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் கொடுத்துவிடுங்கள். அழுது போன் வரும். முதல் மாதத்தில் அது எல்லா வீட்டிலும் வரும். உடனே கிளம்பி வரச் சொல்லாதீர்கள். முதல் இன்டர்னல் தேர்வு முடியட்டும்.

ராமேஸ்வரம்–சென்னை இரவு ரயில்களுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கும். தீபாவளி, பொங்கலுக்கு அந்த முதல் நாள் காலை எட்டு மணிக்கே எடுத்தால்தான் உண்டு.

கடைசியாக, எங்கே சேர்த்தாலும் அசல் சான்றிதழ்களைக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, நான்கு செட் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சரிபார்த்த பிறகு அசலைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. வேறு இடம் கிடைத்து விலகும்போது "பணம் கட்டினால்தான் தருவோம்" என்று மிரட்டினால், எழுத்தில் கேளுங்கள்.